மச்சிலே கட்டிய பாதாளம்

நான் ஒரு பேய்ப்படம் எடுத்திருக்கிறேன். இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அடுத்து, "ஏன், நல்ல குடும்பப் படமா எடுக்கக் கூடாதா?" என்பார்கள். குடும்பப் படம்தானே வருஷம் முழுக்க எடுத்துக்கொண்டிருக்கிறேன்! மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா வேண்டாம் வேண்டாம் என்றபடியே இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொள்வது எல்லாம் என் கைவண்ணம்தான். விக்கிரமசிங்கபுரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் பெண் என்று கேட்டால் என் வீட்டுக்குத்தான் வழி காட்டுவார்கள். அதனால் பேய்ப்படம் எடுத்ததற்காக நான் யார் முன்னாலும் நெளிவதாக இல்லை. எனக்கு அதில் ரொம்பப் பெருமை. அதைக் கொஞ்சம் நீட்டி முழக்கியே சொல்லப் போகிறேன்.

கதை சின்னதுதான். சென்னையிலிருந்து ஐந்து பையன்கள் பாபநாசத்துக்கு அருவியில் குளிக்க வருகிறார்கள். வந்தவர்கள் குளித்தோமா, சாப்பிட்டோமா என்று போகாமல், மலையடிவாரத்தில் அடைத்துக் கிடக்கும் பழைய சுரங்கப்பாதை ஒன்றுக்குள் விளையாட்டாக நுழைகிறார்கள். வாசல் சரிந்து மூடிக்கொள்கிறது. உள்ளே அவர்களைத் தவிர வேறு யாரோ இருக்கிறார்கள். இவ்வளவுதான். நிலத்துக்கு அடியில் நடக்கிற கதையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கலை ஆர்வம் என்று பேட்டி கொடுக்கலாம். உண்மை என்னவென்றால், நிலத்துக்கு அடியில் வானம் காட்ட வேண்டாம், ஊர் காட்ட வேண்டாம், கூட்டம் காட்ட வேண்டாம். இருட்டுக்கு யாரும் வாடகை கேட்க மாட்டார்கள்.

எடுத்தது ஆடி மாதத்தில். ஆடியில் கல்யாணம் கிடையாது. எனவே எனக்கும் பிழைப்பு கிடையாது. கேமரா, விளக்கு, ஜெனரேட்டர் எல்லாம் உறைக்குள் தூங்கும். மற்ற மாதங்களில் கையில் பிடிக்க முடியாத ஆட்களும் ஆடியில் சும்மா இருப்பார்கள். பாளையங்கோட்டையில் சர்ச் பாடல் குழுக்களுக்கு ஒலிப்பதிவு செய்து கொடுக்கும் என் நண்பன் ஒருவன், கல்யாண சீசனில் மைக் செட்டோடு என் கூடவே அலைபவன், அந்த மாதம் முழுக்க எனக்காக வருகிறேன் என்றான். சம்பளம் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை.

உண்மையான சுரங்கம், குகை எதற்கும் அனுமதி கிடைக்கவில்லை. கொடுக்காததும் சரிதான், நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மண்ணுக்கடியில் நிறுத்தி, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? கடைசியில் பாதாளத்தை எங்கள் வீட்டு மச்சில் கட்டினோம். அப்பா மில்லிலிருந்து ஓய்வு பெற்றபோது ஆசையாகக் கட்ட ஆரம்பித்து, பூச்சு வேலைக்கு வருவதற்குள் காசு தீர்ந்து, செங்கல் தெரிய நின்றுபோன மாடி அது. நீளமாக ஒரே கூடம். ஜன்னல் வைக்க விட்ட ஓட்டைகளைக் கறுப்புத் தார்ப்பாயால் அடைத்தோம். சாக்குகளைச் சேற்றில் முக்கிச் சுவரெல்லாம் ஒட்டினோம். தரையில் பலகை போட்டு, அதன்மேல் குளத்து வண்டலைப் பரப்பினோம். கூரையிலிருந்து மரவேர் தொங்க வேண்டும். வேருக்கு எங்கே போவது? பத்தமடையில் பாய் முடைகிறவர்கள் ஓரம் நறுக்கி எறிகிற கோரைத் துண்டுகளை மூட்டையாக அள்ளி வந்து, கட்டுக்கட்டாகச் சாயம் முக்கித் தொங்கவிட்டேன். இருட்டில் அது தலையில் உரசினால் எனக்கே உடம்பு கூசும். நிலத்துக்கு மேலே பதினைந்தடி உயரத்தில் பாதாளம் கட்டிய ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான்.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. அம்மா பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். காலையில் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு மத்தியானம் வீடு திரும்புவாள். வந்ததும் மச்சுப்படி ஏறி, சேறு அப்பிய சுவர்களைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"ஏட்டி, கல்யாண வீட்டுல ஆளுகளைப் படம் புடிச்சது பத்தாதுன்னு பேயைப் புடிக்கக் கிளம்பிட்டியாக்கும்? இந்தச் சகதிய எவா கழுவுவா?"

"பேயே கழுவிரும்மா."

"கழுவும், கழுவும். உன்னய மாதிரித்தான அதுவும் இருக்கும்."

ஐந்து பையன்களில் ஒருவன்தான் அசல் சென்னை. நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தவன், தெரிந்தவர் மூலம் வந்தான். மற்ற நாலு பேரும் இங்கே கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள். அவர்களுக்குச் சென்னைத் தமிழ் பேசச் சொல்லிக் கொடுத்தோம். சாதாரணமாகப் பேசும்போது சமாளித்தார்கள். பயப்படுகிற காட்சி வந்தால் போச்சு. "டேய், அங்க யாரோ நிக்கறாங்கடா" என்று எழுதிக் கொடுத்திருப்பேன். விளக்கை அணைத்து, நண்பன் எங்கிருந்தோ ஒரு தகரத்தைத் தட்டியதும் பேச வேண்டியவன் உண்மையாகவே பயந்து, "ஏலே, அங்கன ஆரோ நிக்கான்லே!" என்று அலறுவான். பயம் வந்தால் சொந்தப் பேச்சுதான் வருகிறது. அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் எடுத்தேன்.

தொல்லைகள் கொஞ்சமா? ஆடிக் காற்று தார்ப்பாயைப் பிடித்து உலுக்கியது. உள்ளே விளக்கு வெக்கையில் பையன்கள் வெந்துபோனார்கள். எல்லாரும் மூச்சை அடக்கி நிற்கிற கட்டத்தில் வெளியே மயில் அகவும். நிலத்துக்கடியில் மயில் அகவினால் எவன் நம்புவான்? மயில் ஓய்ந்தால் ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிற பஸ் ஹாரன் அடிக்கும். ஒருநாள் குரங்குகள் தார்ப்பாயைக் கிழித்து உள்ளே வந்து, கோரை வேர்களைப் பிடித்து ஊஞ்சலாடிவிட்டுப் போயின. அதைவிடக் கோபம் வந்தது, ஆவணியில் கல்யாணம் வைத்திருந்த ஒரு வீட்டார் வந்தபோது. பேய்ப்படம் எடுக்கிற கேமராவைக் கொண்டு மணவறையை எடுத்தால் நல்லதில்லையாம். வேறு ஆள் பார்த்துவிட்டார்களாம், கொடுத்த அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டுமாம். "பேய்க்குக் கூட எங்கிட்ட இருந்து அட்வான்ஸைத் திரும்பக் கேக்கத் தோணலையே" என்றேன். அந்த வீட்டுக் கல்யாணத்தை எடுத்தவன் தாலி கட்டும் நேரத்தில் பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டு நான் சந்தோஷப்பட்டேன். ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் இத்தனைக்கும் மேலே பெரிய குறை ஒன்று இருந்தது. எங்கள் பேய் உருப்படவில்லை. ஆரம்பத்தில் அது வழக்கமான பேய்தான். சிரிக்கும், அழும், கிறீச்சிடும். நண்பன் பாடல் குழுப் பெண்களைக் கொண்டு விதவிதமாக ஊளையிட வைத்துப் பதிவு செய்து வந்திருந்தான். போட்டுக் காட்டினோம். அம்மா முறுக்கு தின்றபடி கேட்டாள். "பல்லுவலிக்காரியாட்டி இவ?" என்றாள். அத்தோடு அந்தப் பேய் செத்தது.

பாதிப் படம் முடிந்திருந்தது. பேய் இல்லாமல் ஒரு பேய்ப்படம். இரவில் தூக்கம் போயிற்று.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. சென்னைப் பையன் தோளில் பையோடு தனியாகச் சுரங்கத்தில் நடந்து வரும் காட்சிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், டார்ச் எல்லாம் அந்தப் பையில்தான் இருக்கின்றன என்று கதை. விளக்கை மட்டாக வைத்திருந்தேன். நண்பன் ஒலி அளவு சரிபார்க்கக் கருவியை ஓடவிட்டிருந்தான். அம்மா எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தவள், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையின்பேரில் சாக்குச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் இருக்கிற இடத்திலிருந்து பையனின் கால் தெரிந்திருக்கிறது. முந்தின நாள் மழைச்சாரலில் ஒரு பலகை ஊறி, ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றதும் தெரிந்திருக்கிறது.

இருட்டுக்குள்ளிருந்து அம்மா குரல் வந்தது.

"பைய வை."

பையன் நின்றான். சுற்றும் முற்றும் பார்த்தான். தோளிலிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"பைய வை... பைய வை."

அவன் பையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான். அம்மா குரல் தழுதழுத்தது.

"ஐயோ, பைய வைன்னா..."

"வச்சிட்டேன் ஆன்ட்டி! இன்னும் எங்க வைக்கணும்?" என்று சொல்லியபடியே அவன் ஓர் எட்டு எடுத்து வைத்தான். பலகை ஒரு பக்கம் எழும்ப, பையன் மல்லாக்க வண்டலில் விழுந்தான்.

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் நாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். அம்மாதான் ஓடிவந்து அவனைத் தூக்கினாள். "காலைப் பைய வைன்னு நான் கிடந்து கத்துதேன், இந்தப் புள்ள பையைக் கொண்டு வைக்கானே! இது எந்த ஊருப் பேச்சுய்யா?" என்றாள். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. பைய என்றால் இங்கே மெதுவாக, பதமாக என்று நான் விளக்கினேன். அவன் ஊரில் பைய வை என்றால் பையைக் கீழே வை, அவ்வளவுதான். "ஏன் ஆன்ட்டி, மெதுவான்னு சொல்லியிருக்கலாமே" என்றான் முதுகுச் சேற்றைத் தட்டிக்கொண்டே. "விழப் போறவன்கிட்ட நின்னு பாஷை பாத்தா பேசுவாவ?" என்றாள் அம்மா. ஆன்ட்டி என்று கூப்பிட்டதும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சிரிப்பு ஓய்ந்த பிறகு, நண்பன் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்ததைக் கவனித்தேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினான். கேட்டேன். இருட்டில் ஒரு பெண். உருவம் இல்லை. மிரட்டவில்லை, சிரிக்கவில்லை. எதிரே நிற்பவனுக்கு என்ன ஆகப்போகிறதோ என்று பயந்து கெஞ்சுகிறாள். அவன் கேட்க மாட்டேன் என்கிறான். அவள் மறுபடியும் கெஞ்சுகிறாள். எனக்குக் கைமயிர் சிலிர்த்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் சுடச்சுடச் சாம்பார்ச் சோறு வாங்கித் தட்டோடு தடுமாறி நடக்கும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துத் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது. அதை எந்த நடிகையிடமிருந்தும் வாங்க முடியாது.

அன்று சாயங்காலமே கதையை மாற்றினேன். பேய் இனி சிரிக்காது, அழாது. அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பைய வை. எப்போதோ அந்தச் சுரங்கத்தில் தரை சரிந்து செத்துப்போன ஊர்ப் பெண் அவள். உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளைகளிடம், தரை உளுத்திருக்கிறது, காலைப் பதமாக வையுங்கள் என்கிறாள். சென்னைப் பையன்களோ பேய் பையைக் கேட்கிறது என்று நினைத்து, பயந்துபோய், தண்ணீரையும் சாப்பாட்டையும் வெளிச்சத்தையும் அவள் காலடியில் வைத்துவிட்டு ஓடுகிறார்கள். ஓடினால் தரை தாங்குமா? இதைப் படத்தில் யாரும் எங்கேயும் விளக்க மாட்டார்கள் என்றும் முடிவு செய்தேன்.

"சென்னைல ஒருத்தனுக்கும் புரியாதுக்கா" என்றான் பையன்.

"உனக்கும்தான் புரியல. அதனாலதான விழுந்த?"

"செமக்கா" என்றான்.

இதில் ஒரு சிக்கல். மற்ற காட்சிகளுக்கு அம்மாவைப் பேச வைத்துப் பதிவு செய்தால், மைக்கைக் கண்டதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேடை நாடகம் போல, "பைய வை, மகனே!" என்கிறாள். மகனேயை யார் கேட்டது? எவ்வளவு சொல்லியும் வரவில்லை. கடைசியில் நண்பன் ஒரு வழி கண்டுபிடித்தான். சட்டைக்குள் மைக்கை மாட்டிக்கொண்டு, அடுப்படியில் வடிகஞ்சியைப் பானை தளும்ப எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். "பைய... பைய வை... ஏ மூதி, பைய வைலே!" என்று அம்மா பதறினாள். மூதி என்ற வசவை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைப் படத்தில் சேர்த்தோம். ஏமாற்றியது தெரிந்ததும் அவனுக்கு அன்று சோறு கிடையாது என்றாள். பிறகு அவளேதான் பரிமாறினாள்.

படம் முடிந்தது. தொகுப்பும் ஒலியும் வீட்டுக் கணினியிலேயே செய்தோம். சென்னையிலிருந்து ஒருவர் படம் வாங்க வந்தார். புதுப் படங்களை வாங்கி, செல்போனில் பார்க்கிறவர்களுக்குக் கொண்டுசேர்க்கிற நிறுவனத்தில் அவர் வேலை. பாளையங்கோட்டையில் நண்பனின் ஒலிப்பதிவு அறையில் அவருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினோம். முழுக்கப் பார்த்தார். முடிந்ததும் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சூப்பர் மேடம். பை திருடுற பேய்! இதுவரைக்கும் எவனும் யோசிக்கல."

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான்.

"ஒரே ஒரு கரெக்ஷன். அந்த லேடி வாய்ஸ் க்ளியரா இல்ல. 'பையை வை'ன்னு அழுத்திச் சொல்லணும். கரகரன்னு பேசற ஆர்ட்டிஸ்ட் ஒருத்தங்க இருக்காங்க. மாத்திடலாம். பசங்க நடிப்பு, அந்த வேர்வை, அந்த வேர் எல்லாம் பிரமாதம். வாய்ஸ மட்டும் மாத்திக் குடுங்க, நாளைக்கே எடுத்துக்கறோம்."

நான் விளக்கினேன். அது பையைக் கேட்கவில்லை, காலைப் பதமாக வைக்கச் சொல்கிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷர்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா யாருக்குப் புரியும்? கோச்சுக்காதீங்க, உங்க ஊர்லயே இப்ப யாரு இப்படிப் பேசறாங்க? இந்தப் பசங்கல்லாம் டிவி பாத்து, ரீல்ஸ் பாத்து, எங்கள மாதிரிதான் பேசறாங்க."

அந்தப் பேச்சு என்னைக் குத்தியது. குத்தியதற்குக் காரணம், அது பொய் என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாண வீடுகளில் கேமராவுக்கு முன்னால் வாழ்த்துச் சொல்ல வரும் பிள்ளைகள் எல்லாம் தொலைக்காட்சித் தமிழில்தான் பேசுகிறார்கள். நானே வாடிக்கையாளரிடம் போனில் பேசினால் அப்படித்தான் பேசுகிறேன்.

அந்த வாரம் திருநெல்வேலியில் ஒரு தியேட்டர்காரர் காலைக் காட்சி மட்டும் கொடுத்திருந்தார். பெரிய படம் ஒன்று தள்ளிப்போனதால் கிடைத்த இடம். "ஏசி சரியா ஓடாதும்மா" என்றார் அந்த அண்ணாச்சி. "பரவால்ல, சனம் வேர்த்தா பயத்துல வேர்க்குன்னு நெனைச்சுக்கிடும்" என்று அவரே சமாதானமும் சொன்னார். வாங்க வந்தவரிடம், அந்தக் காட்சி முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்றேன். மனதுக்குள் ஒன்று தீர்மானித்துக்கொண்டேன். என் ஊர்க்காரர்களே அந்தக் குரலைப் பை கேட்கிற குரலாகக் கேட்டார்களானால், அவர் சொன்னதுதான் சரி. குரலை மாற்றிக் கொடுத்துவிடுவேன். படம் நாலு பேரைப் போய்ச் சேரும். வீட்டுக் கடனும் அடையும். அடுத்த ஆடிக்கு இன்னொரு படம் எடுக்கலாம். ஆனால் பிள்ளைகளைக் காப்பாற்றக் கெஞ்சிய என் அம்மா, அதன்பிறகு உலகத்துக்கெல்லாம் பை பிடுங்கிப் பேயாகிவிடுவாள்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "மாத்திட்டுப் போயேம்ட்டி. என் குரல் என்ன வைரமா வைடூரியமா?" என்றாள். எனக்குக் கோபம் வந்து எழுந்து போய்விட்டேன்.

சொந்தக்காரர்கள் யாரும் அன்றைய காட்சிக்கு வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அத்தை கைதட்டுவதும் மாமா விசில் அடிப்பதும் கணக்கில் வராது. எனக்கு என்னைத் தெரியாத ஆட்கள் வேண்டும். வந்தார்கள். பெரிய கூட்டமில்லை, ஆனால் சுமாரான கூட்டம். கல்லூரிக்கு மட்டம் போட்ட பிள்ளைகள், கடை திறக்கும் முன் வந்த வியாபாரிகள், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று நுழைந்த குடும்பங்கள். நானும் சென்னைப் பையனும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். ரயிலில் வந்திறங்கி நேரே தியேட்டருக்கு வந்திருந்தான். அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

சுரங்கம் மூடிக்கொள்ளும் இடத்தில் நாலைந்து பேர் சும்மா விசில் அடித்தார்கள். பையன்கள் உள்ளே அலைகிறார்கள். முதல் தடவை குரல் வருகிறது. பைய வை. தியேட்டர் அமைதியாக இருந்தது. படத்தில் பையன்கள் உறைந்து நின்று, ஒருவரையொருவர் பார்த்து, முதல் பையை இறக்கி வைக்கிறார்கள். அப்போதும் அமைதி. பாப்கார்ன் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். பக்கத்திலிருந்த பையன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருந்ததிலிருந்து அவனும் அதையேதான் நினைக்கிறான் என்று தெரிந்தது.

இரண்டாம் தடவை குரல். இரண்டாவது பையும் இறங்கியது.

நடுவரிசையிலிருந்து ஓர் இளவட்டக் குரல், கல்லூரிப் பிள்ளையாக இருக்க வேண்டும், சத்தமாக வந்தது. "ஏலே, இவன் என்னலே பையைக் கீழ வைக்கான்?"

பக்கத்திலிருந்தவன், "பேய் கேக்குதுல்லா" என்றான்.

"பேய் எங்கலே பையைக் கேட்டுச்சு? காலைப் பைய வைக்கச் சொல்லுதுலே, கோட்டிக்காரா!"

அவ்வளவுதான். ஒருவன் சொன்னது வரிசை வரிசையாகப் போயிற்று. குசுகுசுப்பு கேட்டது. பிறகு எங்கோ ஒரு பெண் குரல், "ஆமா, அவா நல்லதுதான சொல்லுதா" என்றது. அடுத்த முறை குரல் வந்தபோது தியேட்டரே அவளோடு சேர்ந்துகொண்டது. "பைய வைலே!" "ஓடாதலே!" "தண்ணியை விட்டுட்டுப் போறானே, கூறுகெட்ட பய!" ஒரு வியாபாரி இருக்கையை விட்டு எழுந்து நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துக் கையை நீட்டி, "எய்யா, நில்லுய்யா, சொன்னாக் கேளு" என்று சொன்னார். திரையில் ஓடுகிறவனுக்கு அது கேட்கும் என்று நம்புகிறவர்போல் சொன்னார். டிவி பார்த்துப் பேசுகிற பிள்ளைகள்தான் எல்லாரையும்விடப் பெரிதாகக் கத்தினார்கள்.

கடைசியில் சென்னைப் பையன் மட்டும் மிஞ்சி, கையில் ஒன்றுமில்லாமல், வெளிச்சம் தெரிகிற பக்கம் பார்த்து நிற்கிற இடம். அம்மாவின் குரல், அந்த முதல் நாள் குரல், வருகிறது. ஐயோ, பைய வைன்னா. அதே நேரம் முன்வரிசைப் பக்கமிருந்து அதே குரல் இன்னொரு தடவை, உயிரோடு, சத்தமாகக் கேட்டது. "பைய வைய்யா! கேக்க மாட்டியா நீ?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து பார்த்தேன். அம்மா. பள்ளிக்கூடச் சமையல்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள். மச்சில் எப்படி எடுத்தோம் என்று தெரிந்தவள், சேற்றைக் கழுவியவள், முன்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தாள்.

திரையில் பையன் காலை எடுத்து வைத்தான். தரை போயிற்று.

ஒருவரும் விசில் அடிக்கவில்லை. பேய்ப்படத்தில் ஆள் செத்தால் கைதட்டுவார்கள். அதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. இங்கே "ச்ச" என்று ஒரு சத்தம், தியேட்டர் முழுக்க, ஒரே நேரத்தில். என் பக்கத்திலிருந்த சென்னைப் பையன் என் கையைப் பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, இவங்கள்ல யாருக்குமே நான் சாகறது பிடிக்கலக்கா."

நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? என் ஊரை நினைத்து அழுதேன். தெரியாத பையன், வேறு ஊர்ப் பேச்சுப் பேசுகிறவன், அதுவும் படத்தில் வருகிறவன். அவன் விழுந்துவிடக் கூடாதே என்று இத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தினார்களே, அந்தப் பெருமை எனக்குத் தாங்கவில்லை.

வெளியே வந்தபோது படிக்கட்டில் ஓர் அம்மாள், இடுப்புப் பிள்ளையோடு, செருப்பு மாட்டிக்கொண்டே என் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது.

"பாவம் அந்தப் பேய், எம்புட்டுச் சொல்லிப் பாத்துச்சு" என்றாள்.

"சொன்னா எவன் கேக்கான்?" என்றாள் அம்மா. தான்தான் அது என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. என்னைக் கண்டதும், "பள்ளிக்கூடம் இன்னைக்கு லீவுட்டி" என்றாள். அது பொய். லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

போன் அடித்தது. சென்னைக்காரர்.

"என்ன மேடம், ஷோ எப்படி? ஜனங்க பயந்தாங்களா?"

"இல்ல சார். ஒருத்தர்கூடப் பயப்படல."

"நான் சொன்னேன்ல" என்றார் அனுதாபத்தோடு.

"பதறினாங்க சார்."

"ரெண்டும் ஒண்ணுதான மேடம்?" என்றார்.

இல்லை என்றேன். குரலை மாற்றுவதாக இல்லை, படம் இப்படியேதான் போகும், கேட்கிற ஊர்களில் ஓடட்டும் என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால், அடுத்த ஆட்டம் பார்க்க வந்த கூட்டத்தில் முண்டியடித்துப் படி ஏறுகிற பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தி, "பைய... காலைப் பைய வை" என்று அம்மா தன் வேலையை ஆரம்பித்திருந்தாள்.